ஆட்டோ சங்கரின் இளமைக்காலம்: சான்றுகளும் கற்பிதங்களும்

கேள்வி பிறக்கும் இடம்

மண்டைக்காடு என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, புற்றையே மூலவராகக் கொண்ட பகவதி கோயிலும் அதன் மாசிக் கொடையும். மற்றொன்று 1982. அவ்வாண்டு மார்ச் 1ஆம் தேதி, கொடை நாட்களில், இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறித்தவர்களுக்கும் மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் உயிரிழந்தனர். அடுத்த வாரங்களில் கலவரம் மாவட்டத்தின் பிற ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அந்தக் கலவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் தம்முள் எவ்வளவு முரண்பட்டிருந்தாலும் காரணத்தை ஒரே திசையில்தான் தேடினார்கள். மக்கள்தொகை விகிதம், மதமாற்றத்தின் வரலாறு, சமய அமைப்புகளின் வளர்ச்சி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான பொருளாதார உறவு, காவல்துறையின் ஆயத்தமின்மை என்று விவாதம் நீண்டது. கலவரத்தில் ஆயுதம் எடுத்த ஒருவனை அவன் அப்பா சின்ன வயதில் அடித்து வளர்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரே ஆள் இடைவெளி விட்டுப் பலரைக் கொல்லும்போது மட்டும் கேள்வி அப்படியே திரும்பிவிடுகிறது. அங்கே யாரும் வரலாற்றைத் தேடுவதில்லை, குழந்தைப்பருவத்தைத் தேடுகிறார்கள். அப்பா குடிகாரரா, அம்மா விட்டுப்போனாளா, பள்ளியில் அவமானப்பட்டானா, பூனையைக் கொன்றானா என்று கேட்கிறார்கள். கூட்டக் கொலைக்குச் சமூகமும் தனிக் கொலைக்கு வீடும் காரணம் என்ற இந்தப் பங்கீடு எங்கிருந்து வந்தது? தமிழகத்தின் மிக அறியப்பட்ட தொடர்கொலையாளியான ஆட்டோ சங்கரின் வழக்கில் அது செல்லுபடியாகிறதா? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

ஆய்வுலகம் சொல்வது

முதலில் வரையறை. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. 2005இல் சான் அன்டோனியோவில் கூட்டிய கருத்தரங்கின் முடிவாக, ஒரே குற்றவாளியோ குற்றவாளிகளோ தனித்தனி நிகழ்வுகளில் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொல்வது தொடர்கொலை என்று வகுக்கப்பட்டது. 'குற்றவாளிகளோ' என்ற பன்மையை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

தொடர்கொலையாளியின் இளமையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் பெரும்பாலான செய்திகளுக்கு மூலம் இரண்டு ஆய்வுகள். 1963இல் ஜே. எம். மெக்டொனால்டு என்ற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். படுக்கையில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல் ஆகிய மூன்றும் இளமையில் சேர்ந்து காணப்பட்டால் பிற்கால வன்முறைக்கு அறிகுறி என்ற கருத்து அதிலிருந்து கிளம்பியது. அவர் ஆராய்ந்தது கொலராடோ மருத்துவமனையின் 100 நோயாளிகளை. அவர்கள் கொலை செய்தவர்கள் அல்லர், கொல்வேன் என்று மிரட்டியவர்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த மும்மையை உறுதிப்படுத்தவில்லை. மெக்டொனால்டே அதன் வலிமையை ஐயுற்றார். ஆனாலும் இன்றுவரை துப்பறியும் தொடர்களில் அது விதிபோலவே ஒப்பிக்கப்படுகிறது.

இரண்டாவது ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ், ஆன் பர்ஜஸ் ஆகியோர் 36 பாலியல் கொலையாளிகளைச் சிறையில் நேர்கண்டு 1988இல் வெளியிட்ட நூல். சிதைந்த குடும்பம், வதை, தனிமை, வன்முறைக் கற்பனை என்ற சட்டகம் அங்கிருந்து வருகிறது. உழைப்பு பெரிதுதான். ஆனால் பேசச் சம்மதித்தவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். அதே மாதிரி வீட்டில் வளர்ந்து யாரையும் கொல்லாதவர்களோடு ஒப்பீடு இல்லை. தன் கதையை ஆயிரம் முறை தனக்குள் சொல்லிப் பார்த்த கைதி, கேட்க வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து பேசியிருக்க மாட்டாரா என்ற சந்தேகத்துக்கும் அதில் விடையில்லை.

ஒப்பீட்டோடு நடந்த ஆய்வு என்றால் கேத்தி ஸ்பாட்ஸ் விடமின் 1989 ஆய்வைச் சொல்லவேண்டும். சிறுவயதில் வதைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவுள்ள 908 பேரை, அப்படி ஆளாகாத 667 பேரோடு ஒப்பிட்டார். வதைக்குள்ளானவர்கள் பிற்காலத்தில் கைதாகும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. அதே ஆய்வில் அவர்களுள் பெரும்பாலோர் வன்குற்றத்துக்காகக் கைதாகவே இல்லை என்பதும் தெரிந்தது. முதல் முடிவு தலைப்புச் செய்தியாயிற்று, இரண்டாவது முடிவு அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. ஒருவனுடைய இளமைத் துயரம் அவனது குற்றத்தின் நிகழ்தகவைச் சற்றுக் கூட்டலாம். அந்தக் குற்றத்தை விளக்கிவிடாது. ஆய்வுலகத்திடமிருந்து நேர்மையாகப் பெறக்கூடியது இவ்வளவுதான்.

ஒரு பத்தியில் அடங்கும் இளமை

ஆட்டோ சங்கர் என்கிற கௌரி சங்கரின் இளமையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதப்படும் குறிப்புகள் ஒரு பத்திக்கு மேல் நீள்வதில்லை. 1950களின் நடுவில் வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்தவர் என்கிறார்கள். பிழைப்புக்குச் சென்னைக்கு வந்து திருவான்மியூர் பெரியார் நகரில் தங்கினார். பெயிண்டராக வேலை செய்தார். ஆட்டோ ஓட்டினார். ஆட்டோவில் சாராயம் கடத்தினார். பிறகு பெண்களை வைத்துத் தொழில் நடத்தினார். 1987, 1988 ஆண்டுகளில் நடந்த 6 கொலைகளுக்காக 1991 மே 31 அன்று செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1992 ஜூலையில் அதை உறுதிசெய்தது. உச்சநீதிமன்றம் 1994 ஏப்ரலில் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

காங்கேயநல்லூர் கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். ஊர் மண்ணைக் காரணம் காட்டி ஆளை விளக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மேற்படி பத்தியில் குழந்தைப்பருவம் என்று சொல்லத்தக்கது பிறந்த ஊர் ஒன்றுதான். மற்றதெல்லாம் வளர்ந்த ஆளின் தொழில் வரலாறு. அப்படியிருந்தும் இந்த ஒரு பத்தியிலிருந்து ஒரு முழு 'உருவாக்கக் கதை' பல வடிவங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் ஓடிடி தொடராகவும் வந்தது. கதை எங்கே ஊதிப் பெருக்கப்பட்டது என்று பார்க்க, அதற்கு மூலமாகக் காட்டப்படும் சான்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சான்று காவல்துறை. கைதான நாட்களில் பத்திரிகைகளில் வரும் வாழ்க்கைக் குறிப்பு பெரும்பாலும் போலீஸ் அதிகாரி வாய்மொழியாகச் சொல்வது. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகச் சட்டம் ஏற்பதில்லை. நீதிமன்ற வாசலிலேயே நிறுத்தப்படும் அந்தத் தாள் மறுநாள் காலைப் பத்திரிகையில் தடையின்றி நுழைந்துவிடுகிறது. குறுக்கு விசாரணைக்கே உட்படாத ஒரு வாழ்க்கை வரலாறு அது.

இரண்டாவது சான்று நீதிமன்றத் தீர்ப்புகள். இவை மிகவும் நம்பத்தக்கவை, ஆனால் இவற்றுக்கு இளமையில் அக்கறையில்லை. யார், எங்கே, எப்போது, எதனால் கொல்லப்பட்டார், வீடுகளுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த எலும்புகள் யாருடையவை, அப்ரூவரின் சாட்சியத்துக்குத் துணைச் சான்று உண்டா என்பவையே அவற்றின் கவலை.

மூன்றாவது சான்று சங்கரின் தன்வரலாறு. இங்கே சற்று நிற்க வேண்டும்.

அந்த 300 பக்கங்கள்

சங்கர் 1991இல் செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது சுமார் 300 பக்கத்துக்குத் தன் வரலாற்றை எழுதினார் என்றும், அவ்வாண்டு ஜூலையில் சிறை அதிகாரிகள் அறியவே அதை மனைவியிடம் கொடுத்து வழக்கறிஞர் வழியாக நக்கீரன் இதழுக்குச் சேர்ப்பித்தார் என்றும் இதழ் தரப்பு உச்சநீதிமன்றத்தில் சொன்னது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தைச் சங்கர் அதில் எழுதியிருப்பதாகவும், தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதிகாரிகள் வந்ததற்குப் புகைப்படமும் வீடியோவும் உண்டு என்று கூறியிருப்பதாகவும் மனு சொன்னது. 1994 மே மாதம் நக்கீரன் தொடரை அறிவித்தது. ஜூன் 15 தேதியிட்டுச் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: இது பொய்யானது, சிறை விதிகளுக்கு மாறானது, நிறுத்தாவிட்டால் நடவடிக்கை. அப்படியெதுவும் எழுதவில்லை என்று கைதியே மறுத்ததாகச் சிறைத்துறை வாதிட்டது.

ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் நீதிபதி ஜீவன் ரெட்டியின் அமர்வு 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை யாருடைய அனுமதியுமின்றி வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கையை எழுதினால் அவரது அந்தரங்க உரிமையில் நுழைந்ததாகலாம். அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. இந்த மூன்றும் அத்தீர்ப்பின் சாரம். தனிநபர் அந்தரங்கம் அரசமைப்பின் 21ஆம் கூற்றில் அடங்கியது என்று அத்தீர்ப்பு அழுத்திச் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது கடந்துவந்த படிகளில் இதுவும் ஒன்று. தூக்குமேடைக்குப் போகவிருந்த ஒருவரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து கிளைத்தது அந்தப் படி.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் படிக்கிறார்கள். நம் கேள்விக்கு வேறொன்று முக்கியம். அந்தக் கையெழுத்துப் பிரதி உண்மையிலேயே சங்கருடையதுதானா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை; தீர்மானிக்காமலே சட்டக் கேள்விக்கு விடை சொன்னது. ஆக, சங்கரின் உள்மனத்துக்கு மிக அருகில் உள்ளதாகக் கருதப்படும் ஆவணத்தின் ஆசிரியர் யார் என்பதே வழக்குக்குள் சர்ச்சையாக இருந்திருக்கிறது. ஆசிரியர் அவரேதான் என்று ஒப்புக்கொண்டாலும் எழுதிய சூழலை மறக்கக்கூடாது. அது தண்டனையும் மேல்முறையீடும் நடந்த ஆண்டு. தன்னைக் கெடுத்தவர்கள் யார் என்று சொல்வது ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஆண்டு. கடைசிக் காலத்தில் அவர் சினிமாதான் தன்னைக் கெடுத்தது என்று சொன்னதாகவும், அரசியல்வாதிகளின் சொல்லுக்காகவே செய்தேன் என்று சொன்னதாகவும் இரு வேறு செய்திகள் உண்டு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். இரண்டும் காரணங்கள் அல்ல, வாதங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு அத்தனை அவசரமாகத் தடுக்க முனைந்தது சங்கரின் குழந்தைப்பருவத்தை அல்ல. அவரது முப்பது வயதுக் காலத்தைத்தான்.

வெற்றிடத்தை ஒப்புக்கொண்ட ஒரு கோப்பு

ஒப்பீட்டுக்கு ராமன் ராகவ். 1960களில் பம்பாயின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கியவர்களை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றவர். வேலுச்சாமி, தம்பி, அண்ணா என்ற பெயர்களிலும் அறியப்பட்டவர். 1968இல் ரமாகாந்த் குல்கர்னியின் தலைமையிலான புலனாய்வில் பிடிபட்டார். விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதை உறுதிசெய்யும் முன் உயர்நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழுவை அமர்த்தியது. நாள்பட்ட மனச்சிதைவு என்று குழு கண்டது. 1987இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. சங்கர் தூக்கிலிடப்பட்ட அதே 1995இல் ராகவ் புனே மருத்துவமனையில் சிறுநீரகக் கோளாறால் இறந்தார்.

அந்த மருத்துவக் குழுவின் அறிக்கை, ராகவின் குழந்தைப்பருவத்தைப் பற்றி நம்பத்தக்க தகவல் இல்லை என்ற பொருளில் சொல்லிவிட்டு, சிறுவயது முதல் திருட்டுப் பழக்கம் உண்டு என்பதையும் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லை என்பதையும் மட்டும் பதிவுசெய்கிறது. அந்த மருத்துவர்கள் ராகவைப் பல முறை நேர்கண்டவர்கள். ஒரு வாழ்க்கைக் கதையைக் கட்ட நினைத்திருந்தால் அவர்களைவிடத் தகுதியானவர்கள் எவருமில்லை. அவர்கள் கட்டவில்லை. இருக்கும் நோயை இருப்பதாகவும் இல்லாத வரலாற்றை இல்லாததாகவும் எழுதினார்கள். என் பார்வையில், இந்தியத் தொடர்கொலை இலக்கியத்திலேயே மிக நேர்மையான வரி அதுதான்.

திரை தந்த அச்சு

அப்படியானால் தமிழ் வாசகர் மனத்தில் தொடர்கொலையாளிக்குத் தெளிவான ஒரு சிறுவயது எப்படிப் பதிந்தது? பெரும்பங்கு சினிமாவுக்கு.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978இல் வந்தது. அநாதைச் சிறுவன் ஒருவனைப் பெண்கள் வஞ்சிக்கிறார்கள், அவன் வளர்ந்து பெண்களைக் கொல்கிறான். 1980இல் பாலுமகேந்திராவின் 'மூடுபனி'. ஒரு விலைமகளிடம் மயங்கிய தகப்பன் தாயைக் கொடுமைப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் விலைமகளிரைக் கொல்கிறான். 2018இன் 'ராட்சசன்' படத்தில் பள்ளியில் ஒரு சிறுமியால் கேலிக்குள்ளான நோயுற்ற சிறுவன். 2020இன் 'சைக்கோ' படத்தில் ஆசிரியையால் தண்டிக்கப்பட்ட மாணவன். கலைத்தரத்தில் இவை ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்பவை. 'மூடுபனி'யை இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்குத் தயக்கம். ஆனாலும் நாற்பது ஆண்டு இடைவெளியில் நான்கு படங்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. கொலையாளியின் கையில் கத்தியைக் கொடுத்தது அவன் சிறுவயதில் எதிர்ப்பட்ட ஒரு பெண். குழந்தைப்பருவ விளக்கம் நம் திரையில் மனநல அறிவாக நுழையவில்லை. பழியைப் பெண் மேல் இறக்கிவைக்கும் பழைய வழக்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நுழைந்தது.

சங்கர் வழக்கு இந்த அச்சில் அடங்காது. கொல்லப்பட்ட 6 பேரில் 5 பேர் ஆண்கள். ஒரே பெண், சங்கரிடமிருந்து விலகி இன்னொருவரோடு வாழப் போனவர். அந்த இன்னொருவரும் கொல்லப்பட்டார். மூன்று இளைஞர்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டதற்கு வழக்கு காட்டிய பின்னணி, தொழில் நடந்த இடத்தில் மூண்ட தகராறு. சிறுவயதுக் காயத்துக்கும் இந்தக் கொலைகளுக்கும் நடுவே கோடு இழுக்க வேண்டுமானால் கற்பனையைத்தான் மையாக ஊற்ற வேண்டும். உடைமையும் தொழிலும் காப்பதற்கான கொலைகள் என்று படிப்பதற்கு அப்படி எதுவும் ஊற்றத் தேவையில்லை.

திருவான்மியூர், 1981 முதல் 1988 வரை

உருவாக்கம் என்று ஒன்றைத் தேடுவதானால் சங்கர் ஆட்டோவின் கைப்பிடியைப் பிடித்த இடத்தில் தேடலாம்.

1980களில் திருவான்மியூர் சென்னையின் தென்விளிம்பு. அதற்குத் தெற்கே கடற்கரைக் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளும். நகரத்துக்குள் சரக்கு கொண்டுவரவும் வெளியே ஆளைக் கொண்டுபோகவும் வாகான இடம். மதுக்கொள்கையோ நிலையில்லாமல் இருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1981இல் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளையும் சாராயத்தையும் மறுபடி தடைசெய்தது. ஆறு ஆண்டு சட்டப்படி குடித்தவர்களின் நாக்கு ஓர் இரவில் மாறாது. கடை மூடிய அன்று கடத்தல்காரரின் சரக்குக்கு விலை ஏறும். அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கான மாமூலும் ஏறும். சங்கர் மீது சுமத்தப்பட்ட கொலைகள் தொடங்கியது அந்த 1987இல். அவ்வாண்டு டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தார். 1988 ஜனவரி இறுதியில் தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் போனது. புரவலர்களின் நாற்காலிகள் ஆட்டங்கண்ட காலம். தடை வந்ததால் கொலை நடந்தது என்று நான் சொல்லவில்லை. கொலை செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே புதைத்து அதே தெருவில் மாதக்கணக்கில் தொழில் நடத்தலாம் என்ற துணிச்சல் ஒருவருக்குத் தொட்டிலில் வராது. அது சூழலிடமிருந்து கற்றுக்கொள்வது.

அந்தத் துணிச்சல் வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்குப் பிறகு நடந்ததே சான்று. 1990 ஆகஸ்டில் சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பினார். சிறைக் காவலர்களின் உதவியோடு தப்பியவரை ஒரிசாவின் ரூர்கேலாவில் பிடித்தார்கள்.

இன்னொன்று, வரையறையில் குறித்துக்கொண்ட அந்தப் பன்மை. சங்கர் தனியாகக் கொல்லவில்லை. எல்டின், சிவாஜி என்ற இருவருக்கும் அவரோடு 1991இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய தம்பி உள்ளிட்ட வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் இருந்தனர். ஆறு பேரைக் கொன்றது ஒரு மனத்தின் இருட்டு என்றால், அந்த இருட்டு எப்படி இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் வாய்த்தது? தம்பியின் பெயரைக் காட்டி, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று குடும்ப விளக்கத்துக்கு வலுச்சேர்க்கலாம். நியாயமான வாதம்தான். ஆனால் மற்றவர்கள் வேறு வேறு வீடுகளில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது தாயோ தகப்பனோ அல்ல. பெரியார் நகரும் அங்கே கிடைத்த வருமானமும். அவர்களின் சிறுவயதை யாரும் எழுதவில்லை. பத்திரிகைக்கு ஒரே ஒரு நாயகன் போதுமாக இருந்தது.

நீலிக்கு ஏன் முற்பிறப்பு?

பின்கதை தேடுவது நவீனப் பத்திரிகையின் கண்டுபிடிப்பா? இல்லை. மண்டைக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கும்போது, புலவர் வில்லில் கோல் போட்டவுடன் கொலைக்குப் போய்விடமாட்டார். காப்பு, வருபொருள் உரைத்தல், அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் கடந்துதான் பிறப்பும் வளர்ப்பும் வரும். கள்ளியங்காட்டு நீலி நாகர்கோவிலுக்கு அருகே இன்றும் வழிபடப்படுபவள். அவள் கதையில் அண்ணனும் தங்கையும் அரச வீட்டில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்து, இரவில் தொட்டிலை விட்டு இறங்கி ஆடு மாடுகளைக் கொன்று தின்கிறார்கள். அரண்மனை அதைக் கண்டுபிடித்துப் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுகிறது. மெக்டொனால்டின் மூன்று அறிகுறிகளில் ஒன்றை நம் புலவர்கள் அவருக்கு வெகு முன்னரே பாடிவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேறுபாடு அடுத்த அடியில் இருக்கிறது. நீலி ஏன் அப்படிப் பிறந்தாள் என்று கேட்டால் கதை முற்பிறப்புக்குப் போகிறது. நகைக்காகக் காட்டில் கொல்லப்பட்ட பெண் அவள். கொன்றவன் அவள் நம்பி வந்தவன். விசாரிக்கப்படாத ஒரு கொலைதான் அடுத்த கொலைகளைப் பெறுகிறது. நாட்டார் கதை கொலையாளியின் இளமையைப் பாடினாலும் காரணத்தை அந்தத் தொட்டிலோடு நிறுத்தவில்லை. ஊர் தீர்க்காமல் விட்ட வழக்கு எது என்று தேடிப் போகிறது. சரியான உளவியல் இது என்று நான் வாதிடமாட்டேன். முற்பிறப்பு ஆய்வுக்கு உட்படாது. ஆனால் குற்றத்துக்குப் பின்னால் தண்டிக்கப்படாத ஒரு முந்தைய குற்றத்தைத் தேடும் பழக்கம், அப்பா அம்மாவைத் தேடும் பழக்கத்தைவிடப் புலனாய்வுக்குப் பயன்படும்.

தோவாளையிலிருந்து ஒரு வழக்கு

இந்தப் பழக்கம் நம் மாவட்டத்துக்கு உடனே தேவைப்படுகிறது. 2022 பிப்ரவரியில் திருவனந்தபுரம் அம்பலமுக்கில் அலங்காரச் செடிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் நகைக்காகக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தோவாளைப் பகுதியைச் சேர்ந்த ராஜேந்திரனுக்கு 2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2014இல் ஆரல்வாய்மொழியில் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவர், அவர் மனைவி, வளர்ப்பு மகள் ஆகிய மூவரும் கொல்லப்பட்ட வழக்கிலும் குற்றஞ்சாட்டப்பட்டு, பிணையில் வெளிவந்திருந்தவர் அவர். முதுகலை படித்தவர், இணையப் பங்கு வர்த்தகத்தில் பணம் போட்டவர் என்று செய்திகள் எழுதின. படிக்காத, நொறுங்கிய வீட்டுப் பிள்ளை என்ற அச்சு இங்கேயும் பொருந்தவில்லை. ஆகவே 'படித்தும் இப்படியா' என்ற வியப்போடு செய்தி முடிந்துவிட்டது.

இங்கே சட்டம் பத்திரிகையை விட முன்னே போயிருக்கிறது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்சநீதிமன்றம், மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குற்றவாளியின் இளம்பருவம், குடும்பம், வதை அல்லது புறக்கணிப்பு, கல்வி, பொருளாதார நிலை, மனநலம் ஆகியவற்றை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று பணித்தது. 1991இல் செங்கல்பட்டில் அப்படியொரு நடைமுறை இல்லை. இருந்திருந்தால் சங்கரின் இளமையைப் பற்றி வதந்தியும் வாதமும் அல்லாத ஓர் ஆவணம் நம்மிடம் இருந்திருக்கும். அது அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. தண்டனையை எடைபோடும் நீதிபதிக்குக் குழந்தைப்பருவம் சான்று. காரணம் தேடும் வாசகருக்கு அது பெரும்பாலும் ஆறுதல். தன் வீட்டில் அப்படி நடக்கவில்லை, எனவே தன் பிள்ளை அப்படியாகமாட்டான் என்ற ஆறுதல்.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆய்வாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோவாளை வழக்கின் தண்டனை உயர்நீதிமன்ற உறுதிக்கு உட்பட்டது, பதிவுகள் இன்னும் அழியவில்லை, பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒரு தயாரிப்பாளர் ராஜேந்திரனுக்கு ஒரு சிறுவயதை எழுதித் தருவதற்கு முன், பள்ளிப் பதிவேட்டையும் வேலை பார்த்த இடங்களையும் முறையாகத் தொகுங்கள். அதோடு சேர்த்து, மூன்று கொலை வழக்கில் பிணையில் இருந்த ஒருவரை 2014 முதல் 2022 வரை எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம், எப்படிக் கண்காணித்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரண்டாவதை முதலில் செய்யுங்கள்.